வின்டர் டயர்: 17 இன்ச் அலாயிலிருந்து 16 இன்ச் இரும்பு ரிம்முக்கு மாறுவது – அளவு, போல்ட், கிரீஸ், காற்று

அச்சாணி

முன்சக்கர இழுவை உள்ள ஐந்து சீட் குடும்பக் கார். இப்போது ஓடுவது அலாய் ரிம்மில் 225/45 ஆர்17 சம்மர் டயர். குளிர்காலத்துக்கு 205/55 ஆர்16 வின்டர் டயர் நான்கை இரும்பு ரிம்மில் ஏற்றித் தனி செட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். கதவோரம் உள்ள காற்றழுத்த ஸ்டிக்கரில் இரண்டு அளவுகளும் இருக்கின்றன. டயரை ரிம்மில் ஏற்றுவதும் பேலன்சிங்கும் கடையில். காரில் மாட்டுவது மட்டும் வீட்டில், நானே.

சில விஷயங்களில் தெளிவு வேண்டும். அகலம் 225லிருந்து 205 ஆனால் பிடிமானம் குறையாதா, ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாதா? அலாயோடு வந்த போல்ட்டையே இரும்பு ரிம்முக்கும் போடலாமா? ஹப்பில், அதாவது சக்கரம் போல்ட்டால் மாட்டப்படும் முகப்பில், கிரீஸ் தடவச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், தொடவே கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள், எது சரி? காற்றழுத்த எச்சரிக்கை விளக்கை என்ன செய்வது? கடைசியாக ஒன்று: "இழுவை முன்னால்தானே, முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதும்" என்று வீட்டில் ஒரு வாதம் ஓடுகிறது.

ஆறாம்கியர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஆபத்து அங்கேதான் அதிகம். முன்னால் மட்டும் வின்டர் டயர் போட்டால் கார் நன்றாகவே கிளம்பும், மேடும் ஏறும். அதனாலேயே ஓட்டுகிறவருக்கு ஒரு பொய்யான தைரியம் வந்துவிடும். இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக்கைத் தொடும்போது எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும், பின்னால் இருக்கும் சம்மர் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி இருக்காது. வண்டி அப்படியே சுழன்று பின்பக்கம் முன்னால் வந்துவிடும். சறுக்கலைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி இருக்கிறதே என்று சொல்ல வேண்டாம், அது இருக்கும் பிடியைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர இல்லாத பிடியை உண்டாக்காது. நான்கும் மாற்ற வேண்டும், நான்கும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். இரண்டு அதிகம் தேய்ந்திருந்தால் ட்ரெட், அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் உள்ள பள்ளம், ஆழமாக உள்ள இரண்டும் பின்னால் போகட்டும்.

அளவுக் கணக்கு எளிது. 205ல் 55 சதவீதம் 112.75 மில்லிமீட்டர், அது டயரின் பக்கச் சுவர் உயரம். இரண்டு பக்கத்துக்கு 225.5. 16 இன்ச் என்றால் 406.4. மொத்த விட்டம் 631.9 மில்லிமீட்டர். இதே கணக்கில் 225/45 ஆர்17 டயருக்கு 634.3 வரும். வித்தியாசம் 0.4 சதவீதம், அதாவது 100ல் போவதாக முள் காட்டும்போது அரை கிலோமீட்டர் கூட மாறாது. புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள வித்தியாசமே இதைவிடப் பெரிது. 195/65 ஆர்15 கூட 634.5தான். ஆனால் 15 இன்ச் ரிம் உங்கள் பிரேக் காலிபர்மேல் உரசாது என்று எந்த விட்டக் கணக்கும் சொல்லாது. ஸ்டிக்கரிலோ வண்டிக் கையேட்டிலோ இல்லாத அளவுக்குப் போகாதீர்கள். 16 ஸ்டிக்கரில் இருப்பதால் உங்களுக்குக் கவலை இல்லை.

அகலம் குறைவது இங்கே நன்மை. அதே எடை குறுகலான பரப்பில் இறங்குவதால் டயர் புதுப்பனியை வெட்டிக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தளத்தைத் தொடும். பாதி உருகிய சேற்றுப் பனியில் மிதப்பதும் குறையும். சங்கிலி மாட்ட வேண்டிய மலைப்பாதை என்றால் சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் நடுவே இடமும் கிடைக்கும். விலையாகக் கொடுப்பது என்ன என்றால், உலர்ந்த சாலையில் ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். அவ்வளவுதான்.

வாங்கும்போது டயரின் பக்கச் சுவரைக் கையில் எடுத்துப் படியுங்கள். மூன்று சிகரம் உள்ள மலை, அதன் நடுவே பனித்துகள் – இந்தச் சின்னம் இருந்தால் அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியது. வெறும் எம்+எஸ் எழுத்து மட்டும் இருந்தால் அது ட்ரெட்டின் வடிவத்தைப் பற்றித் தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது, அதை நம்பிப் போகக் கூடாது.

சுமை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670 கிலோ. கையேடு கேட்பதற்குக் கீழே இறங்கக் கூடாது. வேக எழுத்தில் மட்டும் பல நாடுகளில் வின்டர் டயருக்குச் சலுகை உண்டு: டி என்றால் 190, எச் என்றால் 210 கிலோமீட்டர். வண்டியின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த எழுத்து போட்டால் அந்த வேகத்தை எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பதே பொதுவான விதி.

கிரீஸ்கை

மேலே சொன்னது டயர். நான் டயருக்கும் காருக்கும் நடுவே உள்ள ஒரு வட்டத் தகட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டில் மாட்டிய சக்கரங்களில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ரப்பரில் பிறப்பதில்லை. ரிம்மின் பின்முகமும் ஹப்பின் முகமும் ஒன்றோடொன்று ஒட்டும் இடத்தில்தான் பிறக்கின்றன.

முதலில் போல்ட். அலாய் போல்ட்டை எடுத்து அதன் கழுத்தைப் பாருங்கள். ரிம் ஓட்டையில் உட்காரும் அந்தப் பகுதி சிலவற்றில் நேர்க் கூம்பு, பொதுவாக 60 டிகிரி. சிலவற்றில் பந்து போல உருண்டிருக்கும். நட்டு போடும் வண்டிகளில், குறிப்பாகச் சில ஜப்பானியக் கார்களில், அலாய்க்கு வாஷரோடு வரும் தட்டை நட்டும் இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட்டும் கேட்பார்கள். உருண்டைக் கழுத்தைக் கூம்பு ஓட்டையில் போட்டால் தொடுவது ஒரு மெல்லிய வளையம் மட்டும். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் "டிக்" என்று சொல்லிவிடும், நூறு கிலோமீட்டருக்குள் போல்ட் தளர்ந்துவிடும்.

அடுத்தது நீளம். இரும்பு ரிம்மின் தகடு அலாயைவிட மெலிது. நீளமான அலாய் போல்ட்டை அதில் போட்டால் நுனி ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு ஹேண்ட்பிரேக் பாகங்களிலோ ஏபிஎஸ் வளையத்திலோ இடிக்கலாம். கையேட்டில் இரண்டு ரிம்முக்கும் ஒரே போல்ட் என்று எழுதியிருந்தால் கவலையை விடுங்கள், பல தயாரிப்பாளர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். தெரியாவிட்டால் சக்கரம் தொங்கும் நிலையில் ஒரு போல்ட்டைக் கையால் முடுக்கிச் சுற்றை எண்ணுங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால் குறைந்தது ஆறரைச் சுற்று உள்ளே போக வேண்டும். 14 மில்லிமீட்டர், 1.5 மரை என்றால் ஏழரை. எல்லா போல்ட்டும் போட்டபின் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், உரசும் சத்தம் கேட்கக் கூடாது.

வேலை வரிசை இது. சமதளம், கெட்டித் தரை. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் வைத்து, தூக்கும் சக்கரத்துக்கு எதிர் மூலையில் உள்ள சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கின் பாதி வேலை போய்விடும் என்பதால் கட்டை அப்போது மிக முக்கியம். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். அதன்பின் ஜாக்கி. கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே உள்ள கெட்டியான இடத்தில்தான் அது உட்கார வேண்டும், பிளாஸ்டிக் மூடியில் அல்ல. டயர் தரையை விட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் போதும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து விளிம்புக்கு அடியில் தள்ளி வைத்தால், ஜாக்கி சரிந்தாலும் காரின் உடல் அதன் மேல் நிற்கும்.

போல்ட் எல்லாம் வந்தபிறகும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொள்ளும். உப்பு தூவிய சாலையில் ஓடிய வண்டிக்கு இது சாதாரணம், அலாயும் இரும்பு ஹப்பும் சேர்ந்து அரிப்பதால் வருவது. சுத்தியலை எடுக்காதீர்கள். இரண்டு போல்ட்டை எதிரெதிராக நான்கைந்து சுற்று மாட்டி விட்டுவிட்டு, டயரின் பக்கச் சுவரை இடது, வலது, மேல், கீழ் என மாற்றி மாற்றிக் காலடியால் தட்டுங்கள். போல்ட் இருப்பதால் சக்கரம் விடுபட்டாலும் மேலே விழாது.

இப்போது அந்த வட்டத் தகடு. கம்பி பிரஷால் ஹப் முகத்தையும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்தையும் தேய்த்துத் துருத்தூளைத் துணியால் துடையுங்கள். ரிம்மின் பின்முகத்துக்கும் இதே வேலை. முகத்தில் ஒரு துரும்பு அளவு துரு நின்றாலும் சக்கரம் கோணலாக உட்காரும், டிஸ்க்கும் அதோடு சேர்ந்து கோணும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் பெடல் நடுங்கத் தொடங்கும்போது எல்லாரும் டிஸ்க்கைத்தான் குறை சொல்வார்கள்.

கிரீஸ் கேள்விக்கு இரண்டு கட்சியும் பாதி சரி. நடுக் கழுத்தில், ரிம்மின் மைய ஓட்டை உட்காரும் அந்த விளிம்பில் மட்டும், செராமிக் பேஸ்ட் விரல் ரேகை தெரியும் அளவு மெல்லிசாகத் தடவலாம். ஒட்டும் தொல்லை அடுத்த முறை இருக்காது. தட்டை முகத்தில் வேண்டாம், போல்ட்டின் மரையிலும் கூம்புக் கழுத்திலும் கூடவே கூடாது. காரணம்: டார்க்கின் பெரும்பகுதி மரையிலும் கழுத்திலும் உள்ள உராய்வைத் தாண்டவே செலவாகிறது, போல்ட்டை உண்மையில் இழுத்துப் பிடிப்பது மிச்சமுள்ள சிறு பங்கு. கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்தால் அதே 120 நியூட்டன் மீட்டரில் போல்ட் அளவுக்கு மீறி நீளும். கையேட்டில் உள்ள எண் உலர்ந்த, சுத்தமான மரைக்கானது.

மாட்டும்போது முதல் நான்கைந்து சுற்றும் கை விரலால். விரலுக்குப் போகாத போல்ட் கோணலாக மரை ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். போல்ட் வகை ஹப்பில் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஓட்டையை நேராக்குவது முதுகுவலி. ஒரு போல்ட் ஓட்டையில் திருகி வைக்கும் வழிகாட்டிக் கம்பி ஒன்று இருந்தால் சக்கரத்தை அதில் தொங்கவிடலாம். பிறகு குறுக்கும் மறுக்குமாக, ஐந்து போல்ட் என்றால் ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில், சின்ன ஸ்பேனரால் லேசாக முடுக்கி, ஜாக்கியை டயர் தரையைத் தொடும் அளவு இறக்கி, அங்கே டார்க் ரெஞ்ச். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 100–120, 14க்கு 120–140 நியூட்டன் மீட்டர். ஆனால் உங்கள் கையேட்டு எண்ணே கடைசி வார்த்தை. இம்பேக்ட் துப்பாக்கி கழற்ற மட்டும். ஸ்பேனர்மேல் ஏறி நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு: 25 சென்டிமீட்டர் பிடியின் நுனியில் 70 கிலோ ஆள் நின்றால் 170 நியூட்டன் மீட்டரைத் தாண்டும்.

50 முதல் 100 கிலோமீட்டருக்குள், சக்கரம் ஆறிய நிலையில், மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். புது இரும்பு ரிம்மில் இதைத் தவிர்க்கவே கூடாது, போல்ட் உட்காரும் இடத்தில் உள்ள பெயின்ட் அமுங்கும்போது பிடி தளரும். முதலிலேயே மிகையாக முடுக்கியதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அப்போதும் ரெஞ்ச் "டிக்" என்றுதான் சொல்லும்.

நாலுபக்கம்

காற்று பற்றி. ஸ்டிக்கரில் 205/55 ஆர்16க்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள், 17 இன்ச்சுக்கானதை அல்ல. குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். 10 டிகிரி வெப்பம் குறைந்தால் சுமார் 0.1 பார், ஒன்றரை பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவாக, இறங்கும். 20 டிகிரி உள்ள மூடிய கராஜில் 2.4 பார் நிரப்பி, வெளியே மைனஸ் 10ல் நிறுத்தினால் காலையில் 2.1 பக்கம் இருக்கும். கராஜில் நிரப்பினால் 0.2 அல்லது 0.3 கூட்டி வையுங்கள். பனியில் பிடிக்கும் என்று காற்றைக் குறைப்பது மணலில் செய்யும் வித்தை. இங்கே செய்தால் ட்ரெட்டின் நடுப்பகுதி உள்வாங்கி மெல்லிய வெட்டுகள் மூடிக்கொள்ளும்.

எச்சரிக்கை விளக்கு உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். ஏபிஎஸ் சென்சார் வழியாகச் சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிடும் வகை என்றால் ரிம்முக்குள் எதுவும் இல்லை. காற்று சரியாக நிரப்பியபின் மெனுவில் அல்லது பட்டனில் புதிய நிலையைப் பதியச் சொல்லுங்கள், அவ்வளவே. காற்று நிரப்புவதற்கு முன் பதிந்தால் தப்பான அழுத்தத்தைச் சரி என்று கற்றுக்கொள்ளும், பலரும் இதில்தான் சறுக்குகிறார்கள்.

வால்வுக்குள் சென்சார் இருக்கும் வகை என்றால் இரும்பு ரிம் செட்டுக்கும் நான்கு சென்சார் வேண்டும். வண்டிக்கு ஏற்றபடி 433 அல்லது 315 மெகாஹெர்ட்ஸ், டயர் ஏற்றும்போதே போட்டுவிடச் சொல்லுங்கள். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தாமே புதுச் சென்சாரை அடையாளம் கண்டுகொள்ளும், சிலவற்றுக்குக் காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி கருவி தேவை. அலுமினிய வால்வுத் தண்டுக்குள் பித்தளை ஊசி போடக் கூடாது, இரண்டும் அரித்து ஒன்றாகிவிடும். நிக்கல் பூச்சு உள்ள ஊசியும் பிளாஸ்டிக் மூடியும் போதும்.

அச்சாணி

மிக்க நன்றி. கழுத்து வடிவத்தைப் பார்த்தேன், என் போல்ட் உருண்டை, வாங்க நினைத்த இரும்பு ரிம்மும் அதே தயாரிப்பாளரின் உருண்டைதான். கையேடும் ஒரே போல்ட் என்கிறது. இன்னும் இரண்டு. மாட்டியபின் ஸ்டீயரிங் நடுங்கினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி தவிர இடம் வலம் பார்க்க வேறு ஏதாவது உண்டா?

கிரீஸ்கை

நடுக்கம் 80லிருந்து 120 வரை மட்டும் வந்து மேலே போனால் குறைகிறதா? அது பேலன்சிங். முதலில் ரிம்மின் உட்பக்கம் பாருங்கள். உறைந்த பனியோ சேறோ ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே போதும், ஆயிரம் பேர் கடைக்கு ஓடுவது இதற்காகத்தான். அடுத்தது எடைக் கட்டி விழுந்த அடையாளம். வேறு தயாரிப்பாளரின் ரிம் என்றால் மைய வளையம். ரிம்மின் நடு ஓட்டை 66.6, ஹப் 57.1 என்றால் நடுவே பிளாஸ்டிக் வளையம் வேண்டும், பழைய அலாயில் ஒட்டிக்கொண்டு போய்விட்ட வளையத்தைத் தேடுங்கள்.

எல்லா வேகத்திலும் ஆட்டம், கூடவே மெதுவாகப் போகும்போது "டக் டக்" சத்தம் என்றால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள். போல்ட் தளர்ந்த அறிகுறி அது.

அம்பும் 'ரொட்டேஷன்' எழுத்தும் இருந்தால் முன்னோக்கி உருளும் திசை அம்பின் திசை. 'அவுட்சைடு' என்று மட்டும் இருந்தால் அந்த முகம் வெளியே, இடம் வலம் எதுவானாலும் சரி. அம்பு உள்ள டயரைக் கடைக்காரர் ரிம்மில் ஏற்றும்போதே இரண்டு இடம், இரண்டு வலம் என்று சொல்லிவிடுங்கள். நான்கையும் ஒரே பக்கமாக ஏற்றிவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எதுவும் செய்ய முடியாது.

வெண்சாலை

ஆறாம்கியர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். "வின்டர் டயர்" என்ற ஒரே பெயரில் இரண்டு இனம் விற்கிறது. ஒன்று ஈரச் சாலை, சேற்றுப் பனி, அவ்வப்போது வெண்பனி இதற்கானது, வேக எழுத்து எச் அல்லது வி. மற்றது மாதக்கணக்கில் பனிக்கட்டி படிந்து கிடக்கும் சாலைக்கானது, ரப்பர் இன்னும் மென்மை, எழுத்து பெரும்பாலும் கியூ, ஆர், டி. இரண்டிலும் மலைச் சின்னம் இருக்கும். முதல் இனம் பனிக்கட்டியில் ஏமாற்றும். இரண்டாவது பத்து டிகிரி மழையில் பிரேக் தூரத்தை நீட்டும், சீக்கிரம் தேயும். ஐரோப்பிய டயர் லேபிள் ஒட்டியிருந்தால் பனிக்கட்டிப் பிடிக்குத் தனிச் சின்னம் உண்டா என்று பாருங்கள். ஆணி பதித்த டயர் என்றால் உங்கள் சாலையில் அனுமதி உண்டா என்பது முதல் கேள்வி. புது ஆணி ரப்பரில் உட்கார முதல் 500 கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும்.

7 டிகிரிக்குக் கீழே மாற்று என்பது நல்ல நினைவுக் குறி, அதற்குமேல் புனிதமான எண் இல்லை. சம்மர் ரப்பர் படிப்படியாகத்தான் விறைக்கும். காலை வெப்பம் அந்த எல்லையைத் தொடத் தொடங்கும் வாரத்தில் மாற்றிவிடுங்கள், முதல் பனி விழுந்த அன்று எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும்.

ட்ரெட் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனிக்கு அது வின்டர் டயர் இல்லை. சட்டம் பல இடங்களில் 1.6 வரை விட்டாலும் நம்பாதீர்கள். புதிதில் 8 அளவில் இருக்கும். பல டயர்களில் 4ஐக் காட்டத் தனிக் குறிக்கட்டையே உண்டு. பழைய கையிருப்பைத் தலையில் கட்டாமல் இருக்க பக்கச் சுவரில் டிஓடி எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்: 3524 என்றால் 2024ன் 35ஆவது வாரம்.

கழற்றிய அலாய் செட்டில் ஒவ்வொன்றிலும் எங்கிருந்து வந்தது என்று சாக்கால் எழுதுங்கள், 'மு.இ', 'பி.வ' போதும். கழுவி, கல் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, ரிம்மோடு இருப்பதால் படுக்கையாக அடுக்கலாம், அல்லது கொக்கியில் தொங்கவிடலாம். ரிம் இல்லாத வெறும் டயர் என்றால் தொங்கவிடாமல் நிற்க வைத்து மாதம் ஒருமுறை திருப்புங்கள். இருட்டு, குளிர்ச்சி, உலர்ந்த இடம். வெல்டிங் செட், ஓடும் மோட்டார் பக்கத்தில் வேண்டாம், அவை விடும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.

பூட்டுப் போல்ட் உள்ள அலாய் என்றால் அதன் சாவியைக் கழற்றிய செட்டோடு கட்டி வைத்துவிடாதீர்கள். இரும்பு ரிம்மிலும் அதே போல்ட் போட்டிருந்தால் சாவி காரிலேயே இருக்க வேண்டும். ஸ்டெப்னி முழு அளவு அலாயாக இருந்து அதன் போல்ட் வேறு வகை என்றால் அந்தப் போல்ட் ஐந்தும் ஸ்டெப்னி குழிக்குள்ளேயே ஒரு பையில் கிடக்கட்டும்.